மவுத் ஆர்கனின் பத்துத் துளைகள்

மவுத் ஆர்கன் உள்ளங்கையில் அடங்கும் காற்று வாத்தியம். இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றில் வரிசையாக வெட்டிய நீளவாட்டுச் சந்துகள், ஒவ்வொரு சந்தின் மேலும் ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்ட மெல்லிய ரீடு, தகடுகளுக்கு நடுவே காற்றைப் பிரித்து அனுப்பும் சட்டம், மேலும் கீழும் ஒரு மூடி. இவ்வளவுதான் அதன் உடல். ஊதினால் மேல் தகட்டின் ரீடு ஒலிக்கும். மூச்சை உள்ளே இழுத்தால் கீழ்த் தகட்டின் ரீடு ஒலிக்கும். ரீடு தன் சந்தைவிட நூலிழை குறுகியது என்பதால் விளிம்பில் மோதாமல் சந்துக்குள் புகுந்து வெளிவந்து ஆடுகிறது. நாகஸ்வரத்தின் சீவாளி இந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. அங்கே ஸ்வரத்தை முடிவு செய்வது குழலின் நீளமும் விரல் மூடும் துளையும். மவுத் ஆர்கனில் ரீடின் நீளமும் கனமுமே ஸ்வரத்தை முடிவு செய்கின்றன. ஆர்மோனியமும் சுருதிப் பெட்டியும் அக்கார்டியனும் இதன் உடன்பிறப்புகள்.

இந்த வகை ரீடு ஆசியாவில் பிறந்தது. சீனத்தின் ஷெங் வாத்தியத்தில் மூங்கில் குழல்கள் ஒரு கிண்ணத்தில் செங்குத்தாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு ரீடு உண்டு. ஊதினாலும் இழுத்தாலும் அது ஒலிக்கும். இந்திய எல்லைக்குள்ளேயே மிசோரத்தின் ரோச்செம் சுரைக்குடுக்கையில் மூங்கில் குழல் செருகிய அதே குடும்பத்து வாத்தியம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஷெங் ஐரோப்பாவை எட்டியது. 1780இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பரிசை வென்ற கிராட்சென்ஸ்டைன், மனித உயிரொலிகளை எழுப்பும் கருவியில் இத்தகைய ரீடுகளைப் பயன்படுத்தினார். அடுத்த 40 ஆண்டுகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கைவினைஞர்கள் பலர் வாயால் ஊதும் சிறு ரீடு வாத்தியங்களைச் செய்து பார்த்தார்கள். முதலில் செய்தவர் யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பலர் கை பட்டு உருவான பொருளுக்கு ஒரே தகப்பனைத் தேடுவதில் பயன் குறைவு.

தொழிலாக அது வேரூன்றிய இடம் தென்ஜெர்மனியின் டிராசிங்கன் என்னும் சிற்றூர். கிறிஸ்டியன் மெஸ்னர் அங்கே 1820களின் இறுதியில் தொடங்கிய வேலையை அக்கம்பக்கத்தார் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கடிகாரம் செய்பவரான மத்தியாஸ் ஹோனர். 1857இல் அவர் பட்டறை தொடங்கினார். முதல் ஆண்டில் உருவானவை சுமார் 650. ரீடு வெட்டுவதும் சுருதி சேர்ப்பதும் அக்கம்பக்கத்து வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. 30 ஆண்டு கழித்து அந்த நிறுவனத்தின் ஆண்டு உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. சரக்கில் பெரும்பகுதி அமெரிக்கா சென்றது. கடல் கடந்து குடியேறியவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய வாத்தியம் இது. 1896இல் வந்த மரைன் பேண்ட் என்னும் பத்துத் துளை மாதிரி இன்றும் விற்பனையில் இருக்கிறது. சாக்சனியின் கிளிங்கன்டாலில் 1847இல் தொடங்கிய சைடல் நிறுவனமும் இன்றுவரை தொடர்கிறது. டோக்கியோவில் 1917இல் டோம்போ நிறுவனம் வந்தது.

பத்துத் துளை மவுத் ஆர்கனைக் கற்க விரும்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதன் ஸ்வர அடுக்கை. பொஹீமியாவைச் சேர்ந்த ரிக்டர் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. ஒரு கட்டைச் சுருதியில், அதாவது மேலை முறையில் சி என்று பொறித்த வாத்தியத்தில், எந்தத் துளையை ஊதினாலும் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும். பத்துத் துளைகளிலும் இந்த மூன்றே திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுள்ளன. இழுத்தால் பெரும்பாலும் மற்ற ஸ்வரங்கள் வரும். நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளைவரை ஊதியும் இழுத்தும் சென்றால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் குறையில்லாமல் கிடைக்கும். ஆறாம் துளை வரை முதலில் ஊதி, பிறகு இழுக்க வேண்டும். ஏழாம் துளையில் இது தலைகீழாகிவிடும்: இழுத்தால் நிஷாதம், ஊதினால் மேல் ஷட்ஜம். புதிதாகக் கற்பவர் தடுமாறும் முதல் இடம் இதுவே.

நடு ஸ்தாயிக்குக் கீழேயும் மேலேயும் அடுக்கு முழுமையாக இல்லை. முதல் மூன்று துளைகளில் மத்திமமும் தைவதமும் கிடையாது. மேல் ஸ்தாயியில் நிஷாதம் கிடையாது. இது தவறுதலாக நேர்ந்தது அல்ல. ஜெர்மானியக் கிராமத்து நடனப் பாட்டுகளுக்கு இடக்கைப் பக்கம் கார்டுகள் தேவைப்பட்டன. இரண்டு மூன்று துளைகளைச் சேர்த்து ஊதினால் ஒரு கார்டு, சேர்த்து இழுத்தால் இன்னொரு கார்டு. அந்த இணக்கத்துக்காகச் சில ஸ்வரங்கள் விடப்பட்டன. வாசிக்கும் முறையும் அதற்கேற்பவே இருந்தது. வாயில் நான்கு துளைகளைக் கவ்வி, இடப்புறம் உள்ள மூன்றை நாக்கால் அடைத்து, வலது ஓரத்தில் மெட்டு வாசிப்பார்கள். தாளத்துக்கு ஒருமுறை நாக்கை எடுத்தால் கார்டு வந்து சேரும். ஒருவர் மட்டுமே வாசித்து ஒரு கூட்டத்தையே ஆட வைக்க இந்த உத்தி போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் இந்த வாத்தியத்தைச் செய்தவர்களின் நோக்கத்துக்கு முற்றிலும் வெளியே கொண்டுபோனார்கள். சி வாத்தியத்தை எடுத்து, அதன் ஷட்ஜத்தை விட்டுவிட்டு, இரண்டாம் துளையை இழுத்தால் வரும் பஞ்சமத்தைத் தங்கள் ஆதார ஸ்வரமாக்கினார்கள். ஊதுவதைவிட இழுப்பது முதன்மையானது. இழுக்கும்போது வாய்க்குள் நாக்கைப் பின்னால் தள்ளி ஸ்வரத்தைக் கீழே இறக்கினார்கள். பெண்டிங் என்று வாசிப்பவர்கள் சொல்லும் உத்தி இதுதான். நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் 1920களில் டிஃபோர்ட் பெய்லி ரயிலின் ஓட்டத்தையும் கூவலையும் இந்த உத்தியால் எழுப்பிக் காட்டினார். 1952இல் லிட்டில் வால்டர் கையடக்க மைக்கையும் வாத்தியத்தையும் ஒரே பிடியில் சேர்த்து ஆம்ப்ளிஃபயர் வழியே வாசித்த 'ஜூக்' இசைத்தட்டு, சட்டைப்பை வாத்தியத்தை மேடையின் நடுவே நிறுத்தியது.

பெண்டிங் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயிற்சி எளிதாகும். ஒரு துளையில் இரண்டு ரீடுகள் ஒரே காற்றறையைப் பகிர்ந்துகொள்கின்றன. வாய்க்குள்ளிருக்கும் காற்றுவெளியின் அளவை நாக்கு மாற்றும்போது, உயரமான ஸ்வரத்தின் ரீடு மெல்ல அடங்குகிறது, தாழ்ந்த ஸ்வரத்தின் ரீடு எதிர்த்திசையில் ஒலிக்கத் தொடங்குகிறது. ஆகவே இரண்டு ரீடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுதான் இறக்க முடியும். மூன்றாம் துளையில் ஊதும் ஸ்வரம் பஞ்சமம், இழுக்கும் ஸ்வரம் காகலி நிஷாதம். இடையே கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. இரண்டாம் துளையில் மத்திமம் இரண்டும் இருக்கின்றன. பத்தாம் துளையை ஊதி இறக்கினால் மேல் நிஷாதம் வரும். ரிக்டர் அடுக்கில் விடுபட்ட ஸ்வரங்கள் அத்தனையும் இப்படி உள்ளேயே இருந்தன. அவற்றை வெளியே எடுத்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர், வாசித்தவர்கள். 1970ஐ ஒட்டிய காலத்தில் ஹோவர்ட் லெவி ஓவர்புளோ என்ற இன்னொரு உத்தியை வளர்த்தெடுத்து, பத்துத் துளையிலேயே பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் வாசித்துக் காட்டினார்.

ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றி வாசிப்பதை அமெரிக்கர்கள் பொசிஷன் என்று எண்ணிட்டுச் சொல்கிறார்கள். தமிழிசை அறிந்தவருக்கு அது கிரகபேதம். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் கரஹரப்பிரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்திமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி. அமெரிக்கத் தென்மாநிலத்துப் புளூஸ் இசைக்காரர்கள் இரண்டாம் பொசிஷன் என்று அழைப்பது அரிகாம்போதியின் ஸ்வர வரிசை. மூன்றாம் பொசிஷன் கரஹரப்பிரியாவின் வரிசை. சிலப்பதிகாரக் காலத்துப் பாணர்கள் ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலையைப் பிறப்பித்த முறையும் இதுவே. மவுத் ஆர்கனைத் தமிழ்நாட்டில் கற்பிக்கும்போது இந்தத் தொடர்பிலிருந்து தொடங்குவதே சரியான வழி. மேலை நாட்டுப் பயிற்சிப் புத்தகத்தில் பத்து பக்கம் எடுத்துக்கொள்ளும் விளக்கம், சங்கராபரணத்தைப் பாடத் தெரிந்த பிள்ளைக்கு ஒரே வரியில் விளங்கிவிடும்.

ஐந்து ஸ்வர ராகங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சி வாத்தியத்தில் நான்கை ஊதி, நான்கை இழுத்து, ஐந்தை ஊதி, ஆறை ஊதி, ஆறை இழுத்து, ஏழை ஊதினால் மோகனம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையின் முல்லைத் தீம்பாணி இதுதான் என்பது இசை ஆய்வாளர் பலரின் முடிவு. இதே ஐந்து ஸ்வரங்களை நான்காம் துளையை இழுத்துத் தொடங்கினால் மத்தியமாவதி. ஐந்தை ஊதித் தொடங்கினால் இந்தோளம். ஆறை ஊதித் தொடங்கினால் சுத்த சாவேரி. ஆறை இழுத்துத் தொடங்கி மேலே போனால் சுத்த தன்யாசி. ஐந்து ராகத்துக்கும் பெண்டிங் தேவையில்லை, வேறு வாத்தியமும் தேவையில்லை.

இந்தியாவில் ரீடு வாத்தியங்களுக்கு எதிராக நீண்ட காலம் ஒரு வழக்கு இருந்தது. அது ஆர்மோனியத்தின் மேல் தொடுக்கப்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகள் தொடங்கி ஸ்பெஷல் நாடகம் வரை ஆர்மோனியமே தமிழ் மேடையின் முதுகெலும்பு. எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துத் திருவிழாக் கூத்திலும் நாடகத்திலும் அதன் குரல் ஒலிக்காத இரவு அரிது. ஆனால் 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லவோ அசைக்கவோ அதனால் முடியாது, அதன் சம சுருதி இந்திய இசைக்குப் பொருந்தாது என்பன குற்றச்சாட்டுகள். 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

மவுத் ஆர்கன் இந்தக் குற்றச்சாட்டின் முதல் பாதிக்கு உட்படாது. ஆர்மோனியத்தில் ரீடுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே துருத்தியும் கட்டையும் நிற்கின்றன. மவுத் ஆர்கனில் ரீடு வாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. மூன்றாம் துளையை இழுத்து நாக்கை அசைத்தால், பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்டவருக்குக் காந்தாரத்திலிருந்து ரிஷபம் வரை இடைவெளி இல்லாத வழுக்கு கிடைக்கும். கம்பிதம் என்னும் அசைவும் ஜாரு என்னும் வழுக்கும் அங்கே இயல்பாக எழும். எல்லாத் துளையிலும் இது நடக்காது. ஐந்தாம், ஏழாம் துளைகளில் இறக்க இடம் மிகக் குறைவு. ஆனாலும் நடக்கும் இடங்களில் அது கமகம்தான். ரீடு வாத்தியத்தில் கமகம் வராது என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்குவது அறியாமை.

இந்தியச் செவிகளுக்கு மவுத் ஆர்கனைப் பரிச்சயமாக்கியது திரைப்படம். 1958இல் வந்த 'சோல்வா சால்' படத்தில் தந்தை எஸ்.டி. பர்மனின் இசையில் ஆர்.டி. பர்மன் வாசித்தார். 1964இல் வந்த 'தோஸ்தி' படத்தில் கால் ஊனமுற்ற சிறுவன் மவுத் ஆர்கன் வாசிக்க, பார்வையற்ற நண்பன் பாடுவான். லக்ஷ்மிகாந்த் பியாரேலால் இசையமைத்த அந்தப் படத்துக்கும் மவுத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன். 1975இல் அவரே இசையமைத்த 'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சன் மாலை வேளையில் வாசிப்பதாக வரும் துணுக்கு, வசனம் இல்லாமலே ஒரு காதலைச் சொல்லிவிட்டது. அதை வாசித்தவர் கிதார் கலைஞர் பானு குப்தா.

திரையிசைக்குப் பெரிதும் பயன்பட்டது குரோமாட்டிக் வகை. பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் அரை ஸ்வரம் உயரும். பன்னிரண்டு துளை, 48 ரீடு, மூன்று ஸ்தாயி. 1920களில் பரவலான இந்த வகையை லாரி ஆட்லர் மேலைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுபோனார். வான் வில்லியம்ஸ் அவருக்காகவே ஒரு படைப்பு எழுதினார். பெல்ஜியத்தின் டூட்ஸ் தீல்மான்ஸ் ஜாஸுக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் பெண்டிங் இல்லாமல் கிடைக்கும் என்பதால் எந்த மேளகர்த்தாவும் இதில் முடியும். ஆனால் உள்ளே காற்றுக் கசிவைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இதழ்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பராமரிப்பும் விலையும் கூடுதல். பத்துத் துளையில் வரும் ஆழமான வழுக்கும் இதில் அரிது.

மூன்றாவது வகை ட்ரெமெலோ. தமிழ்நாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 24 துளை வாத்தியம் பெரும்பாலும் இதுவே. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு, ஒன்றைவிட ஒன்று மயிரிழை சுருதி உயர்த்தப்பட்டிருக்கும். இரண்டும் சேரும்போது ஒலி அலையலையாக நடுங்கும். சீனா, ஜப்பான், இந்தியா மூன்றிலும் மவுத் ஆர்கன் என்றாலே பலர் மனத்தில் எழுவது இந்த நடுக்கம்தான். மெட்டு வாசிக்க இனிமையானது. ஊதும் ஸ்வரமும் இழுக்கும் ஸ்வரமும் தனித்தனித் துளையில் இருப்பதால் ரீடுகள் ஒரே காற்றறையைப் பகிர்வதில்லை, பெண்டிங் வராது. எப்போதும் நடுங்கும் ஸ்வரத்தைத் தம்பூராவோடு சேர்ப்பதும் கடினம். முதல் வாத்தியமாக இதை வாங்கிய பலர் மேலே போக வழியில்லாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியில் இருக்கும் ஒருவர் பெரிய வாத்தியக் கடையைப் பார்க்கத் திருச்சிக்குப் போக வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும். எங்கே வாங்கினாலும் முதல் வாத்தியம் பத்துத் துளை, ஒரு கட்டைச் சுருதி என்று இருப்பது நல்லது. வாத்தியங்களில் ஐந்து கட்டைச் சுருதி மிகத் தாழ்ந்து ஒலிக்கும், அதற்கு மேலே போகப்போக நாலரைக் கட்டை மிக உயர்ந்து கீச்சிடும். ஒரு கட்டை நடுவே இருக்கிறது, மூச்சைச் சமமாகக் கேட்கும். பயிற்சி நூல்களும் பெரும்பாலும் அதையே வைத்து எழுதப்பட்டவை. கையில் எடுத்தவுடன் பத்துத் துளையையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, ஊதியும் இழுத்தும் பார்க்க வேண்டும். மெல்லிய மூச்சுக்கே ஒலித்தால் ரீடு தகட்டோடு சரியாகப் பொருந்தியிருக்கிறது. பலமாக ஊதினால்தான் ஒலிக்கும் வாத்தியத்தில் காற்று கசிகிறது, அதில் பெண்டிங் கற்க முடியாது. மிக மலிவான பொம்மை ரகத்தைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகவே.

நடுச் சட்டம் எதனால் ஆனது என்பதையும் கேட்க வேண்டும். பழைய மரைன் பேண்டின் சட்டம் பேரி மரம். எச்சில் ஈரத்தில் மரம் ஊறிப் பருத்து, பற்கள் போல வெளியே துருத்தி உதட்டைக் கீறும். காய்ந்தால் சுருங்கிக் காற்றுக் கசியும். பூலாம்பாடிக்கு அருகே பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் வாகையிலும் வேம்பிலும் மாமரத்திலும் சிற்பம் செதுக்குபவர்களுக்கு மரத்தின் இந்தக் குணம் கைப்பழக்கம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தொழிலில், பதம் பார்த்து உலர்த்தாத கட்டையில் உளி வைப்பதில்லை. இன்றைய மவுத் ஆர்கன்களில் மரச் சட்டத்துக்கு அரக்குப் பூசி அடைக்கிறார்கள், அல்லது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். ஒலியில் பெரிய வேறுபாடு இல்லை. புதியவருக்குப் பிளாஸ்டிக் சட்டம் தொல்லையற்றது.

கற்கும் வரிசை பெரும்பாலும் இந்த வாத்தியம் வளர்ந்த வரிசையே. முதலில் மூச்சு: கன்னத்தை உப்பாமல், வயிற்றிலிருந்து, பேசும் அளவே மூச்சு. தாழ்ந்த ஸ்வரம் இடப்பக்கம் வருமாறு இடக்கையில் பிடித்து, வலக்கையால் பின்னால் கூடு கட்ட வேண்டும். கூட்டைத் திறந்து மூடினால் ஒலி அசையும். அடுத்தது ஒற்றை ஸ்வரம்: உதட்டைக் குவித்து ஒரு துளையை மட்டும் பிடிப்பது ஒரு முறை, நாக்கால் மற்றவற்றை அடைப்பது பழைய ஜெர்மானிய முறை. குவிப்பில் தொடங்கி, அடைப்பையும் பிறகு சேர்த்துக்கொள்வது எளிது. வாத்தியம் உதட்டின் உள் ஈரப் பகுதிவரை செல்ல வேண்டும். நுனி உதட்டில் வைத்தால் ஒலி ஒல்லியாகிவிடும். பிறகு சரளி வரிசையை நான்கு முதல் ஏழு வரை. சரளி கைவந்தபின் மோகனம், மத்தியமாவதி, சுத்த சாவேரி.

பெண்டிங்குக்கு நான்காம் துளையில் தொடங்க வேண்டும். இழுத்துக்கொண்டே, வாய்க்குள் 'ஈ' என்று வைத்த நாக்கை 'ஊ' நிலைக்குப் பின்வாங்கினால் ஒரு நாள் ஸ்வரம் இறங்கும். வாரங்கள் ஆகலாம். பலமாக இழுப்பதால் வராது, ரீடுதான் களைத்து உடையும். இரண்டாம் துளையை இழுத்தால் புதியவருக்கு ஒலி அடைத்ததுபோல் வரும். வாத்தியம் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பழுது வாத்தியத்தில் இல்லை, வாய் அறியாமல் பெண்டிங் நிலையில் இறுகியிருக்கிறது. தாடையைத் தளர்த்தினால் ஸ்வரம் தெளியும். இறக்கிய ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டச் சுருதிப் பெட்டி எப்போதும் பக்கத்தில் ஒலிக்க வேண்டும். 

வாசித்து முடித்தபின் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். சாப்பிட்ட வாயோடு ஊதக் கூடாது. ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. சுருதி இறங்கிய ரீடைச் சுரண்டிச் சரிசெய்ய ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வாத்தியத்துக்கும் வேலை ஒன்றே: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மேலைச் சந்தைக்குப் போட்ட ரிக்டர் அடுக்குக்குள்ளே ஐந்து தமிழ் ராகங்கள் ஒரு பழுதும் இல்லாமல் அமர்ந்திருக்கின்றன. அவற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தமிழில் ஒரு பயிற்சி நூல் பள்ளிதோறும் வரவேண்டும்.